அந்தச் சாடி என் பாடு

திருச்சி
2.2.1996

மச்சான் அருளையாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் தங்கச்சிக்குப் புதன்கிழமை ஒப்பரேசன் முடிந்தது. வயிற்றில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லையாம், மாதாவுக்கு நன்றி. மயக்கம் தெளிந்ததும் அவள் என்னைக் கேட்கவில்லை. "அண்ணை எப்பிடி இருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடுறாரோ?" என்றுதான் கேட்டாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்த புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்! றம்யா என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். படத்தில் பார்த்த அப்பாவுக்கும் நேரில் வந்த அப்பாவுக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் தள்ளியே நின்றாள். நேற்றுத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இனி வேலைக்கு வருகிறேன். வாயால் சொன்னால் "ஓம், ஓம்" என்று கேட்டுவிட்டு உன் எண்ணப்படி செய்வாய். அதனால்தான் எழுத்தில் தருகிறேன். இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கு.

இந்த மாதம் முடியுமுன் பந்தலில் கிடக்கும் முந்திரிகைக் கொடியை, இங்கே திருச்சியில் திராட்சை என்கிறார்கள், வெட்டிவிடு. ஒவ்வொரு கொப்பிலும் நாலைந்து கண் விட்டு வெட்டு. ஏணியைக் கிழக்குத் தூணில் சாத்தாதே, அது ஆடும். றோசாவையும் இந்த மாதமே வெட்ட வேண்டும். நிலமெல்லாம் மஞ்சள் பூவோடு ஒரு புல் கிளம்பியிருக்கும். பார்க்க வடிவாக இருக்கும், ஏமாந்துபோகாதே. கிழங்கோடு கிளப்பி வெளியே எறி. ஊரில் பசளைக்குக் குழை தாட்ட மாதிரி மண்ணுக்குள் தாட்டாயோ, அடுத்த வருஷம் பத்து மடங்காக வரும். தேசி மரங்களில் முற்றிய எலுமிச்சங்காயைப் பறித்துச் சமையலறைக்குக் கொடு. கொப்பை இப்போது தொடாதே, குளிர் போகட்டும். தக்காளி விதையைப் புனித சூசையப்பர் திருநாளுக்கு முன் சட்டியில் போடு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெரிய மண் சாடியில் நிற்கிற மரம் என் பாடு. அதை விடு.

நீ இளவாலையில் முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்த கமக்காரன். நான் மன்னார் பஸ்ஸில் டிக்கற் கிழித்தவன். இது எனக்குத் தெரியும், நீ எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் பலெர்மோ மொண்டெல்லோ மண்ணில் ஐந்து வருஷம் முழங்கால் போட்டவன் நான்.

விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். மே மாதம் இத்தாலியில் நான் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டும். சின்யோரா கொஸ்தான்சாவின் வீட்டுத் தோட்ட வேலை இருந்தால்தான் அந்த அனுமதி. அந்த அனுமதி இருந்தால்தான் இவர்கள் இரண்டு பேருக்கும் விசா. வேலைக் கடிதத்தை மார்ச்சில் எழுதி அனுப்புவதாகச் சின்யோரா சொல்லியிருக்கிறா. உன் ரெஸ்டோரன்ட் ஈஸ்டருக்குத்தான் திறக்கும். அதுவரைக்கும் அந்த மனுசியின் முகம் கோணாமல் என் இடத்தைப் பார்த்துக்கொள். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

உன் மச்சான்
எமிலியானுஸ்


பலெர்மோ, கால்சா
14.2.1996

மச்சான்,

கட்டளைக் கடிதம் கிடைத்தது. ஐயோ ஆண்டவரே! குவெஸ்தூராப் பொலிசில்கூட ஒரு மனுசனுக்கு இவ்வளவு சட்டம் சொல்லமாட்டார்கள். தங்கச்சி சுகம் என்ற ஒரு வரிக்காக உன்னை மன்னித்தேன். அவளிடம் சொல், நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று. அறையில் நாலு பேர், சமைக்கிறது நகுலேஸ்வரன், ஆனபடியால் ருசிக்குச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே.

இப்போது தோட்டம். நாலைந்து கண் விடச் சொல்லி எழுதியிருக்கிறாய். ஐந்து வருஷமாக நீ அப்படி வெட்டித்தான் அந்தப் பந்தல் காடாகிக் கிடக்கிறது. இலை இருக்கிறது, குலை எங்கே? கொடிக்குப் பயந்து பயந்து வெட்டியிருக்கிறாய் மச்சான், வெட்டின இடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான் இரண்டு கண்தான் விட்டேன். கிழடு தட்டின கொப்புகளை அடியோடு எடுத்துவிட்டேன். சின்யோரா காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, பந்தலைப் பார்த்து, வாயில் கையை வைத்துவிட்டா.

"எமிலியானோ ஒரு நாளும் இப்பிடி வெட்டேல்லை," என்றா.

"ஏப்ரல்ல பாருங்கோ சின்யோரா. குலை வராட்டி என்ரை கையை வெட்டுங்கோ," என்றேன். இத்தாலியனில் இதை எப்படிச் சொன்னாய் என்று கேட்காதே. பாதியைக் கையால்தான் சொன்னேன். அவவுக்கு விளங்கிவிட்டது, சிரித்துவிட்டா.

எட்டு வருஷத்துக்குப் பிறகு கையில் கத்தி பிடித்து ஒரு கொடியைத் தொட்டேன் மச்சான். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வானம் தெரிந்தது. இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து தட்டுக் கழுவுகிறேன், கோப்பை கழுவுகிறேன், "ஏய்" என்று கூப்பிட்டால் திரும்புகிறேன். அன்றைக்கு மட்டும் நான் அருளையாவாக நின்றேன். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

றோசா வெட்டியாயிற்று. மஞ்சள் புல் பாதி கிளப்பியாயிற்று. உன் சாடி மரத்தையும் பார்த்தேன். நீ போகிறதுக்கு முன் "இதென்ன மச்சான், நுனி நுனியா முட்டைக்கோது குத்தி வைச்சிருக்கு?" என்று கேட்டேன். "அது என்ரை பாடு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். எனக்கு விளங்காதா? நாவூறு கண்ணூறுக்குத்தானே வைத்திருக்கிறாய்? தோட்டத்தில் வெருளிப் பொம்மை கட்டுகிறவனே நாலு தரம் யோசிக்கிற காலம், ஞாயிறு தவறாமல் பூசையில் நன்மை எடுக்கிற நீ இப்படிச் செய்யலாமா? அடுத்த கிழமை விபூதிப் புதன். எல்லாக் கோதையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

அது ஈழத்தலரி என்பதும் எனக்குத் தெரியும். இளவாலைச் சேமக்காலையில் கல்லறைக்குக் கல்லறை நிற்கிற மரம். கோடையில் தண்ணீர் இல்லாமல் இலை கொட்டும், மழை விழுந்தால் ஒரு கிழமையில் தளிர்க்கும். இங்கே ஒரு இலை இல்லாமல் எலும்பு மாதிரி நிற்கிறது. சாடி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து பொருக்கு வெடித்திருந்தது. என்ன தோட்டக்காரனப்பா நீ? காலையில் ஒரு வாளி, போகும்போது ஒரு வாளி ஊற்றுகிறேன். நீ வரும்போது தளிரோடு நிற்கும். அப்போது எனக்கு வணக்கம் சொல்லு.

அருளையா


திருச்சி
25.2.1996

அருளையாவுக்கு,

உமது கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்று வாசித்தேன். வாசித்துவிட்டு அங்கேயே குந்திவிட்டேன்.

நிறுத்தும். இதைக் கையில் எடுத்த அந்த நிமிஷமே அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தும். போன் எடுக்கலாமென்றால் உமது அறையில் போன் இல்லை. தோட்டத்துக்கு எடுத்தால் சின்யோராதான் எடுப்பா. அவவிடம் நான் என்ன கதைக்கிறது?

அது வெயிலில் காய்ந்து இலை கொட்டின மரம் இல்லை. குளிரில் நித்திரை கொள்ளுகிற மரம். கார்த்திகையில் இருந்து பங்குனி முடியும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. அதனால்தான் மண் காய்ந்து கிடந்தது. நான் காய வைத்தது அது! முட்டைக்கோது நாவூறுக்கு இல்லை. அந்த ஊரில் எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் பார்க்கலாம், கண்ணைத் திறந்து நடந்தால். மாரி மழையும் கடற்காற்றும் நுனிக் குருத்தில் பட்டால் அழுகிப்போகும், அதற்குத் தொப்பி. சின்யோராவிடம் கோது கேட்டுச் சேர்த்து, ஒவ்வொரு நவம்பரும் ஏணி வைத்து நான் போடுகிறது.

பொமேலியா என்று சொல்லுவார்கள். அது கடையில் வாங்கின மரம் இல்லை. சின்யோரா கலியாணம் முடித்துப் போகும்போது அவவின் தாய் தன் மரத்தில் முறித்துக் கொடுத்த கொப்பு. பலெர்மோவில் பெட்டைக்குத் தாய் கொடுக்கிற சீதனம் அது. நாற்பத்திரண்டு வருஷம். தாயும் இல்லை, புருஷனும் இல்லை, அந்த மரம்தான் நிற்கிறது. ஆனியில் பூக்கத் தொடங்கினால் சின்யோரா கதிரையைப் படிக்கட்டில்தான் போடுவா, குளிர் காலத்தில் அந்தப் பக்கமே வரமாட்டா.

கமக்காரன், கமக்காரன் என்று நெஞ்சைத் தட்டினீரே. தெரியாத மரத்தைத் தொடக் கூடாதென்று கமக்காரனுக்குத் தெரியாதா? "அதை விடு" என்று எழுதியிருந்தேனே, தமிழ்தானே அது?

அடிமரத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாரும். கல் மாதிரி இருந்தால் தப்பியது. அமிழ்ந்தால் எல்லாம் முடிந்தது. சின்யோராவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் வந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். வேலைக் கடிதம் கைக்கு வரும் வரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம்.

றெபேக்காவுக்கு இதொன்றும் தெரியாது. "அண்ணை என்ன எழுதினவர்?" என்று கேட்டாள். சுகமாம் என்று சொன்னேன்.

எமிலியானுஸ்


பலெர்மோ, கால்சா
9.3.1996

மச்சான்,

அமிழ்ந்தது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு முந்தின கிழமையே எனக்குத் தெரியும். காலையில் வாளியோடு போனேன், அடியில் தோல் சுருங்கி ஒரு கறுப்பு வளையம் ஓடியிருந்தது. விரலை வைத்தேன். வெந்த கிழங்குக்குள் போகிற மாதிரிப் போனது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

நீ என்ன எழுதினாலும் தகும். "நீர்" போட்டுத்தான் நீ என்னைத் திட்டுவாய் என்றும் தெரியும். மரம் தாகத்தில் நிற்கிறதென்று இரக்கப்பட்டு ஊற்றினேன். அந்த இரக்கத்தோடு என் தலைக்கனமும் கலந்திருந்தது. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியுமென்று காட்டத்தான் காலையும் மாலையும் ஊற்றினேன். இதை உனக்கு எழுதுவதைவிட ஆயிரம் தட்டுக் கழுவலாம்.

அழுகல் நடுமரம் வரைக்கும் ஏறியிருந்தது. கத்தியைத் தீயில் காட்டி, மேலே இருந்து துண்டு துண்டாக இறங்கினேன். வெட்டின இடத்தில் உள்ளே வெள்ளையாகப் பால் வந்தால் நல்லது, மண்ணிறமாக இருந்தால் கெட்டது. இருபது நுனியில் ஐந்துதான் வெள்ளை. அந்த ஐந்தையும் பாலைத் துடைத்து, அடுப்புச் சாம்பல் பூசி, தோட்டக் கொட்டிலில் வெயில் படாமல் தலைகீழாகக் கட்டியிருக்கிறேன். மூன்று கிழமை காயட்டும். அது எனக்குத் தெரிந்த வேலை, அதில் பிழை விடமாட்டேன்.

சின்யோராவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருமுன்னே சொல்லிவிட்டேன். வந்த பிறகென்றாலும் சொல்லியிருப்பேன். நான் செய்ததற்கு நீ வந்து பொய் சொல்லிச் சமாளிக்கிறதா? இருபது வருஷம் தோட்டம் செய்தவனுக்கு அது மானக்கேடு.

வெட்டின மரத்தைச் சுமந்துகொண்டு போய்ப் படிக்கட்டடியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். "நான்தான் செய்தது. எமிலியானோ தொட வேண்டாமெண்டு எழுதினவர். நான் தொட்டிட்டன்," என்றேன். அந்த மனுசி கத்தவில்லை. படியில் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து மடியில் வைத்துத் தடவினா. "அம்மா," என்றா. அவ்வளவுதான். பிறகு, "ஏன் எனக்குச் சொல்லுறாய்? மற்றாக்கள் எண்டால் குளிரிலை செத்தது எண்டு சொல்லியிருப்பினம்," என்றா.

"குளிர் செய்யேல்லை சின்யோரா," என்றேன்.

துண்டை மடியில் இருந்து எடுத்துக்கொண்டு எழும்பினா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. அடுத்த நாள் காலையில் வழக்கம்போலக் காப்பி வந்தது. வேலைக் கடிதம் பற்றி நானும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை மச்சான்.

அருளையா


திருச்சி
20.3.1996

அருளையா,

இரண்டு செய்தி ஒரே நாளில் வந்தது. ஒன்று உம்முடைய கடிதம். மற்றது நகுலேஸ்வரன் இங்கே இருக்கிற தமக்கைக்குப் போன் எடுத்தபோது சொன்னது. சின்யோராவின் காரில் முன் சீற்றில் இருந்து போனீராம். பொலிதேயாமாச் சந்தியில் வதிவிடக் கடதாசி செய்து கொடுக்கிற அலுவலகத்துக்குள் இரண்டு பேரும் போனீர்களாம். அதற்கு முதல் நாள் நீர் கோட்டுப் போட்டுப் படம் எடுத்தீராம். இதில் ஒரு சொல்லும் உமது கடிதத்தில் இல்லை.

எனக்கு மூளை இல்லையென்று நினைத்தீரா? கடதாசி இல்லாமல் இருக்கிறவர்களுக்கு, வேலை கொடுக்கிறவர் கையெழுத்து வைத்தால் இந்த மார்ச் முடியுமட்டும் பெர்மெஸ்ஸோ கொடுக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நான்கு வருஷமாக நீர் அதற்குத்தான் காத்திருந்தீர். சின்யோரா ஒரு ஆளுக்குத்தான் கையெழுத்து வைக்க முடியும். அந்த வீட்டில் ஒரு வேலைதான் இருக்கிறது, அது என் வேலை.

மரத்தைக் கொன்றீர், அதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கினீர், கடைசியில் என் கதிரையில் ஏறி உட்கார்ந்தீர். அப்படித்தானே?

ஏப்ரல் பதினாறாம் திகதி எங்களுக்கு விசா அலுவலகத்தில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக் கடிதம் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். றம்யா இத்தாலியன் புத்தகம் ஒன்று வாங்கி வைத்து "புவோன்ஜோர்னோ" பாடமாக்குகிறாள். உமது தங்கச்சி தையல் போட்ட வயிற்றோடு பெட்டி அடுக்குகிறாள். நான் என்ன முகத்தோடு அவர்களிடம் சொல்லுவது? உன் அண்ணன்தான் என் இடத்தை எடுத்தவர் என்றா?

உம்மை நம்பி அனுப்பினவன் நான். மறுமொழி எழுதும், இல்லாவிட்டால் விடும்.

எமிலியானுஸ்


பலெர்மோ, கால்சா
30.3.1996

எமிலியானுஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தரம் கிழித்துப் போட எழும்பினேன். ஆனால் அதில் பாதி உண்மை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓம், படம் எடுத்தேன். ஓம், காரில் போனேன். சின்யோரா தானாகக் கேட்டா. "எமிலியானோவுக்குக் கடதாசி இருக்கு. அவன் வேறை வேலை தேடலாம். உனக்கு ஒண்டும் இல்லை. என்ரை அம்மாவின்ரை மரத்தைச் சாகடிச்சுப்போட்டு வந்து கதவைத் தட்டினவனை நான் நம்பலாம்," என்றா. நான் உடனே "மாட்டேன்" என்று சொல்லவில்லை. சொன்னேன் என்று எழுதினால் பொய். நான்கு வருஷம், மச்சான். பொலிஸ்காரனைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்பி நடக்கிற நான்கு வருஷம். அம்மா செத்த செய்தி வந்தபோது கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேனே, போக முடியாமல். அதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு கோட்டு இரவல் வாங்கிப் படம் எடுத்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி போனபோது அலுவலகத்தில் கடதாசி மேசையில் கிடந்தது. என் பெயரை அச்சில் அடித்திருந்தார்கள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அந்த மனுசன் பேனையைத் தந்து, கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால் காட்டினான். பேனையைப் பிடித்துவிட்டேன்.

உனக்கு இளவாலை வேலிச் சண்டைகள் தெரியாது, நீ மன்னாரான். அங்கே ஒவ்வொரு வருஷமும் வேலிக் கதியால் தடிகளை மாற்றி நடும்போது பக்கத்துக் காணிக்குள் நாலு விரல் தள்ளி நடுவார்கள். அண்ணனும் தம்பியும் வழக்குக்குப் போய் அழிந்த வளவுகள் எத்தனை. எங்கள் தோட்டத்தில் மூன்று பக்கம் வேலி. இருபது வருஷத்தில் ஒரு கதியாலை நான் ஒரு விரல் அங்காலே நட்டதில்லை. அது ஒன்றுதான் நான் ஊரில் இருந்து கொண்டுவந்த சொத்து. பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏன்?" என்றா சின்யோரா.

"அவனுக்கு வேலை போனால் அவன்ரை மனுசிக்கு விசா இல்லை. அவன்ரை மனுசி என்ரை தங்கச்சி," என்றேன்.

"எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"ஆசைப்பட்டிட்டன் சின்யோரா."

அவ பேனையை எடுத்தா. அதே மேசையில், அதே பேனையால், உன் வேலைக் கடிதத்தை எழுதச் சொல்லிக் கையெழுத்து வைத்தா. முத்திரையும் குத்தியாயிற்று. இதோடு வைத்திருக்கிறேன், மடிப்பைப் பார்த்துப் பிரி. இன்னொரு பிரதி சின்யோராவிடம் இருக்கிறது, தபாலில் தவறினால் மறுபடி அனுப்புவா.

நாளையோடு அந்தத் தவணை முடிகிறது. நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு, ஒரு அலுவலகமும் திறக்காது. ஆகவே முடிந்துவிட்டது. உனக்காகச் செய்தேன் என்று நினைத்துப் பெருமைப்படாதே, உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முந்தியே செய்துவிட்டேன். எனக்காகத்தான் செய்தேன். கண்ணாடியில் முகம் வழிக்கும்போது என் முகத்தை நானே பார்க்க வேண்டுமே.

இனிமேல் எனக்கு "நீர்" போட்டு எழுதாதே. அதுதான் சுட்டது.

அருளையா


திருச்சி
10.4.1996

மச்சான்,

கடிதம் கிடைத்தது. ஈஸ்டருக்கு மூன்றாம் நாள். கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அதற்குப் பிறகு வெளியே போய் ஒரு சுற்று நடந்தேன், றெபேக்கா என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று.

நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை நீ அறியாமல் நான் உன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வாசலில் இறங்க மாட்டேன்.

ஜனவரியில் உனக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினேனே. பந்தலுக்குக் கீழே போனதும் நீ கொப்பை வளைத்துப் பார்த்தாய், நகத்தால் பட்டையைச் சுரண்டி மணந்து பார்த்தாய். சின்யோரா யன்னலில் நின்று உன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா. ஐந்து வருஷத்தில் என் கையை அவ அப்படிப் பார்த்ததில்லை. மாற்றுக்கு நின்றவன் நிலைத்துப் போனதும், போனவன் திரும்பி வந்து தெருவில் நின்றதும் பலெர்மோவில் நாங்கள் பார்க்காத கதையா? அருளையா பிறவிக் கமக்காரன், எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும், இந்த ஒரு மரமாவது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சின்யோராவுக்கு நான் தேவைப்பட வேண்டுமே. அதனால்தான் முட்டைக்கோதைப் பற்றி நீ கேட்டபோது சொல்லவில்லை. அதனால்தான் கடிதத்தில் புல்லுக்கும் விதைக்கும் அத்தனை வரி எழுதியவன் அந்த மரத்துக்கு "என் பாடு" என்று இரண்டு சொல் எழுதினேன். "தண்ணீர் ஊற்றாதே" என்று இன்னும் இரண்டு சொல் எழுதியிருந்தால் அது இன்றைக்கு நிற்கும்.

மரத்தைக் கொன்றது நீ இல்லை. நான் கொன்றுவிட்டு உனக்கு "நீர்" போட்டேன்.

நீ பேனையைக் கீழே வைத்தாய். நான் ஒரு மரத்தை ஒளித்து வைத்தேன். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் சின்ன வித்தியாசமா? இந்தக் கடிதம் எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அதே நேரம், என் மனுசியின் அண்ணன் இப்படிப்பட்ட ஆள் என்று தெருவில் நின்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போலவும் இருக்கிறது. றம்யாவிடம் சொன்னேன், "உன்ரை மாமாவைப் போல ஆள் இந்தத் திருச்சி முழுக்கத் தேடினாலும் இல்லை" என்று. "ஏன் அப்பா?" என்றாள். வளர்ந்த பிறகு சொல்கிறேன் என்றேன்.

இதோடு சின்யோராவுக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்த இத்தாலியனில். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, நீ வாசி. வாசித்துவிட்டு அவவின் கையில் கொடு. வேலையை விட்டுப் போ என்றால் போகிறேன். வேலைக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன். பதினாறாம் திகதிக்குள் அவவுக்கு இது கிடைக்காது, அதனால் கள்ளத்தனமாக விசா எடுக்கிறேன் என்று நினைக்கலாம். நினைத்தால் நினைக்கட்டும், அதையும் எழுதித்தான் இருக்கிறேன்.

உன்
எமிலியானுஸ்


பலெர்மோ, கால்சா
22.4.1996

மச்சான்,

இரண்டு கடிதமும் வாசித்தேன். உன் இத்தாலியனைப் பார்த்து முதலில் சிரித்தேன், பிறகு நாலு கெட்ட வார்த்தை சொன்னேன், பிறகு ஒரு சிகரெட் பிடித்தேன். நகுலேஸ்வரன் "என்ன நடந்தது?" என்று கேட்டான். "என்ரை மச்சான் ஒரு மடையன்" என்றேன். "அது தெரிஞ்ச விசயம்தானே," என்றுவிட்டு அவன் வெங்காயம் வெட்டப் போனான்.

கடிதத்தைக் கொடுக்காமல் விடலாமோ என்று ஒரு நாள் யோசித்தேன். கொடுக்காவிட்டால் உனக்கு நல்லது. ஆனால் நீ கொடு என்று எழுதியிருக்கிறாய், அதை நான் ஒளித்தால் நீ செய்ததையே நானும் செய்கிறேன். கொடுத்துவிட்டேன். சின்யோரா கண்ணாடி போட்டு, படியில் உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் வாசித்தா. முகம் சிவந்துவிட்டது.

"வரட்டும். கடிதத்திலை ஏச எனக்கு விருப்பமில்லை. இஞ்சை, என்ரை முன்னாலை நிண்டு கேட்கட்டும்," என்றா.

"வேலை, சின்யோரா?" என்று கேட்டேன்.

"வேலை இல்லாதவனை ஏன் நான் ஏச வேணும்?" என்றா.

ஆகவே உனக்கு வேலை இருக்கிறது. ஏச்சும் இருக்கிறது. அவ முடித்த பிறகு என் முறை, ஆயத்தமாக வா. நான் இன்னும் ஆறவில்லை. உன் கடிதத்தை வாசித்தவுடன் மனம் குளிர்ந்தது என்று எழுத மாட்டேன். நான்கு வருஷம் காத்திருந்த கடதாசி போன கோபம் ஒரு மன்னிப்பில் போகாது. ஆனால் நீ ஒளித்ததை நீயே எழுதினாய். யாரும் உன்னைப் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு மதிப்புக் கொடுக்கிறேன், கொஞ்சம்.

விசா கிடைத்துவிட்டதென்று நீ போனில் சொன்னதைச் சின்யோராதான் எனக்குச் சொன்னா. சொல்லும்போது அவவும் அழுதா, நானும் அழுதேன். இரண்டு பேரும் பிறகு வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தோட்டக் கணக்கு சொல்லித்தான் விலக வேண்டும். தேசி வெட்டியாயிற்று. தக்காளிக் கன்று ஒரு சாண். ஐந்து பொமேலியாத் துண்டில் இரண்டு சுருங்கிச் செத்துவிட்டது. மூன்று மணலில் நிற்கிறது, தண்ணீர் ஊற்றவில்லை, கடவுளே, பார்க்கிறதுக்குக்கூடப் பயந்து பார்க்கிறேன். பிழைக்குமா என்று தெரியாது. முந்திரிகைப் பந்தலில் ஒவ்வொரு கண்ணிலும் தளிரோடு குலை அரும்பியிருக்கிறது. எண்ணத் தொடங்கினேன், நூற்றுப்பத்தில் விட்டுவிட்டேன். சின்யோரா பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினா. "யார் வெட்டினது?" என்று அவர் கேட்டார். என் பெயரை அவ முழுதாகச் சொன்னா. ரெஸ்டோரன்ட் திறந்துவிட்டது, வருகிற திங்கள் தொடக்கம் மறுபடியும் தட்டு. சனி மத்தியானங்களில் பக்கத்து வீட்டுக் கொடியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கடதாசி இல்லாமல்தான், இருந்தாலும் கத்தி பிடித்து.

ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். அலுவலகத்தில் நடந்ததைத் தங்கச்சியிடம் சொல்லாதே. அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். தனக்காக அண்ணன் கடதாசி இல்லாமல் நிற்கிறான் என்று தெரிந்தால் பெட்டியைத் திறந்து சேலைகளைத் திரும்ப அலுமாரியில் அடுக்கிவிடுவாள். விமானம் ரோமில் இறங்கட்டும், பிறகு சொல்லு. என்னோடு வந்து சண்டை பிடிக்கட்டும், "ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீ?" என்று கத்தட்டும். ஆறு வருஷமாக அந்தக் குரலில் என்னை ஏச ஒருத்தரும் இல்லை.

அருளையா